இருபத்தொன்றாம் கட்டிலின் அலாரம்

காலை ஐந்து மணிக்கு எங்கள் வார்டுக் கதவைத் திறந்தால் முதலில் வந்து மூக்கில் மோதுவது வாசனைதான். இரவெல்லாம் அடக்கி வைத்து விடியும் நேரத்தில் கைமீறிப் போன மூத்திரம், கட்டிலில் ஊறிய மருந்து, அதன்மேல் அவசரமாகத் தெளித்த பினாயில். எலும்பு முறிந்தவர்களின் வார்டு அது. இருபத்து நான்கு கட்டில்கள். எண்பது கிலோ ஆண்பிள்ளையை, உடைந்த கால் அசையாமல் ஒருக்களித்துப் புரட்டி, அடியில் இருக்கும் ஈரத் துணியை உருவி, உலர்ந்த துணியைச் சொருகிப் பார்த்தவர்களுக்குத்தான் எங்கள் வேலை என்னவென்று தெரியும். முதல் ஆளில் ஆரம்பித்து ஆறாவது ஆளுக்குப் போகும்போது இந்த முதுகு நம்முடையதுதானா என்று சந்தேகம் வரும். பத்தாவது ஆளில் சந்தேகப்படக்கூடத் தெம்பு இருக்காது.

முன்பு ஷிஃப்ட்டுக்கு நான்கு உதவியாளர்கள் இருந்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சுற்று வருவோம். கட்டில் கட்டிலாக நின்று, பாத்ரூம் போக வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா, திரும்பிப் படுக்க வேண்டுமா, கண்ணாடியும் கைத்தடியும் எட்டுகிறதா என்று கேட்போம். அவ்வளவுதான் சுற்று. ஆஸ்பத்திரியில் விழுகிறவர்களில் பாதிக்கு மேல் பாத்ரூமுக்குப் போக எழுந்துதான் விழுகிறார்கள். இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மூத்திரம் வருகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

ஆறு மாதத்துக்கு முன் அலாரம் வந்தது. விரிப்புக்கு அடியில் ஒரு ரப்பர் பாய், கால்மாட்டில் ஒரு சின்னப் பெட்டி. பாய்மேல் இருக்கும் பாரம் விலகினால் பெட்டி அலறும். எங்கள் நிர்வாகி எதற்கெடுத்தாலும் டேட்டா என்ன சொல்கிறது என்று கேட்பவர். அதனால் எங்களுக்குள் அவர் டேட்டா சார். இனிமேல் இருபத்து நாலு மணி நேரமும் இயந்திரம் கண்விழித்துப் பார்த்துக்கொள்ளும் என்று டேட்டா சார் சொன்னார். அடுத்த வாரமே ஷிஃப்ட்டுக்கு நான்கு பேர் இரண்டு பேரானோம். சுற்று நின்றது. பன்னிரண்டு கட்டிலுக்கு ஒருத்தி என்றால் எங்கே சுற்றுவது, தலைதான் சுற்றும்.

அந்தப் பெட்டிக்கு இருமலும் ஒன்று, எழுந்து ஓடுவதும் ஒன்று. யாராவது கொஞ்சம் ஒருக்களித்தால் போதும், அலறும். மணிக்கு முப்பது தடவை கேட்டால் காது மரத்துப் போகாமல் என்ன செய்யும்? நோயாளிகளோ திரும்பிப் படுக்கவே பயந்தார்கள். கட்டைபோலக் கிடந்து முதுகில் புண் வாங்கிக்கொண்டார்கள். அலாரத்தை நிறுத்த எங்கள் அடையாள அட்டையைப் பெட்டியில் காட்ட வேண்டும். காட்டினால் நான்கு நிமிஷம் ஊமையாக இருக்கும். நான்கைத் தாண்டினால் டேட்டா சார் அறைத் திரையில் எங்கள் எண்ணுக்கு நேரே ஒரு சிவப்புக் கோடு. மாதத்தில் பத்துக் கோடு சேர்ந்தால் வேலை காலி. இடுப்பில் தகடு வைத்தவர் வாக்கரைப் பிடித்துப் பாத்ரூம் போய், உட்கார்ந்து, எழுந்து, திரும்பி வர நான்கு நிமிஷம் போதும் என்று முடிவு கட்டியவருக்கு மூட்டெல்லாம் நன்றாக இருக்க வேண்டும். நல்லபடியாக இருக்கட்டும்.

எனக்கு ஒரே மாதத்தில் எட்டுக் கோடு விழுந்தது. அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. எலும்பு வார்டில் மணல் பைக்குப் பஞ்சமில்லை. ஆபரேஷன் ஆன கால் பக்கவாட்டில் சாயாமலிருக்க இரண்டு பக்கமும் அண்டை கொடுக்கும் கனத்த ரெக்சின் பைகள். ஒருவரை எழுப்பும்போது அவர் இடுப்பு விலக விலக இரண்டு மணல் பைகளை அந்த இடத்துக்கு நகர்த்தினேன். பெட்டி மூச்சுக்கூட விடவில்லை. ஆள் படுத்திருப்பதாகவே நம்பிவிட்டது. நிதானமாகப் பத்து நிமிஷம் பாத்ரூம் போய் வந்தோம். அன்றிலிருந்து எனக்குக் கோடு விழவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கூடவே வேலை செய்யும் என் ஜோடிக்காரியிடமும் மூச்சு விடவில்லை.

இருபத்தொன்றாம் கட்டிலில் ஒரு பழைய லாரி டிரைவர் இருந்தார். இடுப்பு உடைந்து தகடு வைத்திருந்தது. வாய் ஓயாத மனிதர். "எத்தனை பேர ஹாரன் அடிச்சு ஓரங்கட்டியிருப்பேன். இப்போ எல்லாம் சேர்ந்து எனக்கே அடிக்குதும்மா" என்பார். மணல் பையை நான் நகர்த்துவதை ஒவ்வொரு தடவையும் கவனமாகப் பார்ப்பார். என்னைப்போல ஒரு கிளீனர் கிடைத்திருந்தால் தன் வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் என்பார். நானும் சிரித்தேன். அவர் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அன்று காலை ஐந்தே முக்காலுக்குப் பதினேழாம் கட்டில்காரருக்குப் பேதி. நான் முழங்கை வரை அழுக்கோடு நின்றேன். பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. கேட்டது அலாரம் அல்ல, தரையில் உடம்பு விழுகிற சத்தம்.

ஓடினேன். டிரைவர் பாத்ரூம் வாசற்படியில் குப்புறக் கிடந்தார். வாக்கர் ஒரு பக்கம், அவர் கால் இருக்கக்கூடாத ஒரு கோணத்தில் இன்னொரு பக்கம். நெற்றியில் ரத்தம். என்னைப் பார்த்ததும் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"சத்தமில்லாம போயிட்டு வந்துடலாம்னு பாத்தேம்மா. உனக்குக் கோடு விழுமேன்னு."

கட்டிலைப் பார்த்தேன். இரண்டு மணல் பைகளும் பாய்மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கம்பளியால் மூடிக்கூட வைத்திருந்தார்.

நான் முதலில் சிஸ்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவர் தலையை மடியில் எடுத்து வைத்திருக்க வேண்டும். நான் செய்தது வேறு. அந்த மனிதர் ரத்தத்தோடு தரையில் கிடக்கும்போது கட்டிலுக்கு ஓடி மணல் பைகளை இழுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பாரம் விலகியதும் பெட்டி அலறியது. என் அட்டையைக் காட்டி அதன் வாயை அடைத்தேன். அலறல் கேட்டு டியூட்டி சிஸ்டர் ஓடி வந்தார். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அப்போது எனக்கு வெட்கமில்லை, பயம் மட்டும்தான் இருந்தது.

தகடு வைத்த இடத்துக்குக் கீழே தொடை எலும்பு முறிந்திருந்தது. மறுபடியும் ஆபரேஷன் என்றார்கள். இந்த வயதில் இரண்டாவது மயக்க மருந்தை இதயம் தாங்குமா என்பது சந்தேகம் என்றும் சொன்னார்கள். தலை சுற்றியது, விழுந்துவிட்டேன் என்றுதான் டாக்டரிடம் டிரைவர் சொன்னார். மணல் பையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். நான் சாப்பிடாமல், தூங்காமல், யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திடுக்கிட்டுக்கொண்டு திரிந்தேன். கூட்டுகிற பெண் "உங்கள ஆபீஸ்ல கூப்பிடறாங்க" என்று வந்து சொன்னபோது கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுப் போனேன்.

டேட்டா சார் என்னை உட்காரச் சொன்னார். நாலு வருஷத்தில் அந்த அறையில் எனக்கு நாற்காலி கிடைத்தது அதுதான் முதல் தடவை. அதுவே பயமாக இருந்தது. திரையை என் பக்கம் திருப்பினார். இருபத்தொன்றாம் கட்டில், ஐந்து நாற்பத்தாறுக்கு அலாரம். ஐந்து நாற்பத்தாறுக்கே என் அட்டை.

"அடிச்ச நிமிஷமே நீங்க கட்டில் பக்கத்தில நின்னிருக்கீங்க. மெஷினும் சரியா வேலை செஞ்சிருக்கு, நீங்களும் சரியா வேலை செஞ்சிருக்கீங்க. தப்பு பேஷன்ட் பேர்லதான். சொன்னத மீறி எழுந்திருக்கார்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து ஐந்து மாடிகளிலும் அலாரம் வருகிறது என்றார். வார்டுக்கு ஷிஃப்ட்டுக்கு ஒரே ஒரு உதவியாளர் போதும் என்றார். ஒரு ஆளே நிமிஷத்தில் வந்து நிற்க முடியும் என்று நான்தான் நிரூபித்துவிட்டேனாம். திங்கட்கிழமை எல்லா மாடி உதவியாளர்களையும் கூட்டி, நடந்ததை நான் சொல்லி, அறிக்கையில் அவர்கள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். போட்டோவும் உண்டாம்.

அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. மறைக்க என்ன இருக்கிறது? நான் தப்பித்துவிட்டேன். படியேறி வார்டுக்குப் போனதும் அந்த நிம்மதி போயிற்று. டிரைவரின் மகள் கையில் ஒரு தாளோடு நின்று அப்பாவைக் கடிந்துகொண்டிருந்தாள். எச்சரிக்கையை மீறி எழுந்ததால் விழுந்தார், ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பில்லை என்று அவளிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். கையில் இருந்தது அதன் நகல்.

"எழுந்திரிக்காதீங்கன்னு எத்தன தடவ சொன்னாங்க. குழந்தையாப்பா நீங்க? மெஷின் அடிச்சும் கேக்காம போயிருக்கீங்க" என்று அவள் அழுதாள். டிரைவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கணம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

நானும் என் தங்கையும் ஒரே அறையில் குடியிருக்கிறோம். அவளும் அதே ஆஸ்பத்திரியில், எனக்குக் கீழ் மாடியில், இதய நோயாளிகளின் வார்டில் உதவியாளர். அங்கே இன்னும் அலாரம் வரவில்லை. ஷிஃப்ட்டுக்கு நான்கு பேர் இன்னும் சுற்று வருகிறார்கள். அன்று மாலை அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, தங்கள் மாடியில் ஷிஃப்ட்டுக்கு மூன்று பேரை நிறுத்தப் போகிறார்களாம், யாரோ ஒரு மகராசி ஒரே நிமிஷத்தில் ஓடிப்போய் நின்றாளாம், அவளால் வந்த வினை என்று பொரிந்து தள்ளினாள். அந்த மகராசி நான்தான் என்று அவளுக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் சொன்னேன். மணல் பை, கம்பளி, கட்டிலுக்கு அடியில் தள்ளியது எல்லாம். அவள் செருப்போடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"திங்கக்கெழம கையெழுத்துப் போடப் போறியாக்கா?"

"நெசத்தச் சொன்னா வேலை போயிடும்டி. கேஸ் போட்டுடுவாங்க. வேற எந்த ஆஸ்பத்திரியும் வாசப்படி ஏத்தாது. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் பயம் இல்லையா? நாளைக்கு எங்க வார்டுல யாராவது விழுந்தா, ஒத்தையா நிக்கப் போறது நானோ எவளோ." செருப்பைக் கழற்றியபடி கேட்டாள். "உங்க வார்டுல மத்தவங்க எப்படி நாலு நிமிஷத்தில முடிக்கறாங்க? கேட்டிருக்கியா?"

நான் கேட்டதே இல்லை. எனக்கு மட்டும்தான் கை மெதுவு, மற்றவர்களெல்லாம் கெட்டிக்காரிகள் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அழுக்குத் துணி அறையில் ஜோடிக்காரியைப் பிடித்தேன். சொல்ல ஆரம்பித்து மணல் பை என்ற வார்த்தைக்கு வந்ததும் அவள் முகம் வெளுத்தது. என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ, தன்னை நான் கண்டுபிடித்துவிட்டதாகப் பயந்திருக்கிறாள். அவள் சலைன் பாட்டில் பெட்டியை வைக்கிறாளாம். மற்ற ஷிஃப்ட்டுக்காரிகளையும் அங்கே வரவழைத்துக் கேட்டோம். மதிய ஷிஃப்ட்டில் ஒருத்தி ஈரத் துணி மூட்டை. இன்னொருத்தி என்னைப்போலவே மணல் பை. இரவு ஷிஃப்ட்டில் ஒருத்திக்கும் மணல் பைதான். மற்றவள் தானே கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு, துணைக்கு இருக்கும் உறவுக்காரரை விட்டு நோயாளியைப் பாத்ரூமுக்கு அனுப்புவாளாம். ஒருநாள் அப்படியே தூங்கிவிட்டாளாம். இதைச் சொன்னபோது எல்லோருக்கும் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. மூன்று ஷிஃப்ட்டிலும் சேர்த்து நாங்கள் ஆறு பேர். ஆறு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துப் பயந்துகொண்டு ஒரே திருட்டைச் செய்துகொண்டிருந்தோம்.

கதவருகே டியூட்டி சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. எங்களுக்கு உயிரே போயிற்று. அவர் கதவைச் சாத்தினார். கம்பளிக்கு அடியில் மணல் இருப்பது எந்த நர்சுக்கும் பார்த்தாலே தெரியும் என்றார். தானும் வாயை மூடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அலாரம் வருவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் வார்டில் விழுந்தவர்கள் மூன்று பேர், வந்த பிறகு ஏழு பேர், வார்டு நோட்டில் தன் கையெழுத்திலேயே இருக்கிறது என்றார். அந்த நோட்டைத் திங்கட்கிழமை தானே கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை மதியம் ஒன்றரை மணி. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லா மாடி உதவியாளர்களும் நின்றார்கள். நாற்காலிகள் முன்வரிசைக்கு மட்டும். டேட்டா சார் பேசி முடித்து என்னை அழைத்தார். மேஜைமேல் அறிக்கை இருந்தது, பக்கத்தில் பேனா. அறிக்கையைப் பார்க்காமல் பேச வேண்டும் என்று தங்கை சொல்லியிருந்தாள். பார்த்தேன். பார்த்ததும் குரல் உடைந்துபோயிற்று.

"அலாரம் அடிச்சது உண்மைதான் சார். ஆனா அவர் விழுந்ததுக்கு அப்புறம்தான் அடிச்சது. பாய்மேல மணல் பை இருந்தது. நான் அத எடுத்தப்போதான் அடிச்சது."

மற்றதையும் சொன்னேன். நான்கு நிமிஷத்தைச் சொன்னேன், கோடுகளைச் சொன்னேன், அவர் யாருக்காகச் சத்தமில்லாமல் போனார் என்பதைச் சொன்னேன். டேட்டா சார் போட்டோக்காரனை வெளியே போகச் சொன்னார்.

"அப்போ மெஷின ஏமாத்தினது நீங்க. மெஷின் மேல தப்பில்ல. பை இல்லேன்னா அது ஒழுங்கா அடிச்சிருக்கும்."

"அடிச்சிருக்கும் சார். அவர் எழுந்தப்புறம் அடிச்சிருக்கும். நான் பதினேழாம் கட்டில்ல அழுக்குக் கையோட நின்னிருப்பேன். நான் போறதுக்குள்ள விழுந்திருப்பார். விழறத அந்த மெஷினால சொல்லத்தான் முடியும், பிடிக்க முடியாது. எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி, போகணுமான்னு கேக்க ஒரு ஆள் வேணும் சார். நாங்க கேட்டுட்டுத்தான் இருந்தோம்."

சிஸ்டர் எழுந்து வந்து வார்டு நோட்டை அறிக்கையின்மேல் திறந்து வைத்தார். மூன்றையும் ஏழையும் வாசித்தார். அலாரம் யாருக்குத் தேவையென்று நர்சுகள் முடிவு செய்யட்டும், மற்றக் கட்டில்களில் எடுத்துவிட்டுச் சுற்றையும் ஆட்களையும் திருப்பிக் கொடுங்கள் என்றார். டேட்டா சார் நோட்டைப் பார்க்கவில்லை. இருபது வருஷம் வேலை பார்த்த நர்சின் கையெழுத்து அவருக்கு டேட்டா இல்லை போலிருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"இப்போ சொன்னத எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இன்னிக்கே வேலைய விட்டுப் போகலாம். மேற்கொண்டு போலீஸ் பார்த்துக்கும்."

எழுதினேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது. கையெழுத்துப் போட்டேன். ஜோடிக்காரி வந்து பேனாவை வாங்கி, நானும் வைத்தேன், சலைன் பெட்டி என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். மதிய ஷிஃப்ட்டுக்காரிகள் வந்தார்கள். இரவு ஷிஃப்ட்டுக்காரிகள் தூக்கம் கலையாத முகத்தோடு வந்தார்கள். கட்டிலில் படுத்தவள் படுத்தேன் என்றே எழுதினாள். ஆறு பெயர்கள் ஆயின. ஏழாவதாக என் தங்கை பேனாவை எடுத்தாள்.

"நீ எந்த மாடி? உங்க வார்டுல மெஷினே கிடையாதே" என்றார் டேட்டா சார்.

"அடுத்த மாசம் வருதில்ல சார். வந்தா நானும் வைப்பேன். வேற வழி கிடையாது. இப்பவே எழுதிக் குடுத்துடறேன்."

அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவேன். நகரும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. தாள் நிறைந்து பின்பக்கம் திருப்பினார்கள். நாற்பத்து மூன்று பெயர்கள். நாற்பத்து மூன்று பேரை ஒரே நாளில் வெளியே அனுப்பினால் ஐந்து மாடியிலும் துணி மாற்ற ஆளில்லை என்பது டேட்டா சாருக்குத் திரையைப் பார்க்காமலே புரிந்தது. வியாழக்கிழமை பதில் சொல்வதாகவும் அதுவரை எல்லோரும் வேலைக்குப் போகலாம் என்றும் சொன்னார். என்னைப் பற்றித் தனியாக முடிவெடுப்பதாகவும் சொன்னார். தனியாக என்ற வார்த்தையை அழுத்திச் சொன்னார்.

இன்னும் ஒருவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. டேட்டா சாரை விட அவளிடம் சொல்லத்தான் எனக்குப் பயம். டிரைவரின் மகள் ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்தாள். அவரை உள்ளே கொண்டுபோய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. என் கூடவே தங்கையும் ஜோடிக்காரியும் வந்து இரண்டு பக்கமும் நின்றார்கள். நான் அவளிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கட்டிலுக்கு ஓடியதைச் சொன்னபோது அவள் எழுந்து நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்வது என்றும் நினைத்தேன்.

அவள் அடிக்கவில்லை. மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு நாளா அவரத் திட்டிக்கிட்டு இருக்கேன். ஒரு வார்த்த சொல்லல."

அவள் பையைத் திறந்து அந்த நகலை எடுத்தாள். மடிப்புகளை நீவி ஒருமுறை வாசித்தாள்.

"உங்கள மன்னிக்கறதெல்லாம் அப்புறம். எங்கப்பா உசிரோட வெளிய வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. "இதுல நான் போட்ட கையெழுத்த எனக்குத் திருப்பித் தரணும். உங்க கூட்டத்த நடத்துனவர் எந்த ரூம்ல இருக்கார்?"

டிரைவர் வெளியே வரும்வரை தான் பெஞ்சிலேயே இருப்பதாகவும், கதவு திறந்த அடுத்த நொடி வந்து கூப்பிடுவதாகவும் தங்கை சொன்னாள். மகள் தலையை அசைத்தாள். நானும் ஜோடிக்காரியும் அவளோடு படியிறங்கினோம். பாதிப் படியில் மேலேறி வந்துகொண்டிருந்த மதிய ஷிஃப்ட்டுக்காரிகள் இரண்டு பேர் எங்களைப் பார்த்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. திரும்பி எங்களோடு இறங்கினார்கள்.